ஒரு நெற்றிக்கு ஒரு கேள்வி

பானைக்கு மூடி போடும்படி பொறியியல் துறை எழுத்து மூலம் கேட்டிருந்தது. மூடி போட்ட பானையில் பால் எப்படி வழியும், வழியாவிட்டால் அது எப்படிப் பொங்கல் ஆகும் என்று மாசிலாமணி எழுத்து மூலமே திருப்பிக் கேட்டார். பொறியியல் துறை கோப்பை மூடியது. பானை திறந்தே இருந்தது. பண்பாட்டு அலுவலராக இருந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஜெயித்த ஒரே விவாதம் அது. அதையும் தோற்றிருக்கலாம்.

நிலவின் தென்முனைப் பள்ளத்தில், பொதுக்கூடத்தில், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஆண்கள் கட்டியிருந்த வேட்டிகளின் ஓரத்தில் ஈயக் குண்டுகள் தைக்கப்பட்டிருந்தன. இல்லாவிட்டால் நிலவின் எடைக்குறைவில் வேட்டி குடையாகிவிடும். முதலாண்டு ஆகியும் விட்டது. எல்லோரும் சுவரிலிருந்த பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எரிந்ததும் "பொங்கலோ பொங்கல்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னால்தான் வருகை பதிவாகும். வருகை பதிவானால்தான் கூடத்தின் கதவு திறக்கும். ஆகவே ஆண்டுதோறும் வருகை தொண்ணூற்றெட்டு சதம். மீதி இரண்டு சதம் பிரசவத்தில் இருப்பவர்களும் செத்தவர்களும்.

பூமியில் பால் பொங்கினால் பானையின் தோளில் வழிந்து அடுப்பில் விழும். நிலவில் எல்லாவற்றுக்கும் ஆறில் ஒரு பங்குதான் எடை. அங்கே பால் வழியவில்லை, எழுந்தது. வெள்ளை நுரை ஓர் ஆள் உயரம் நின்று, யோசித்து, பிறகு தலைப்பகுதி தனியே கழன்று, கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்த பெரியவரைப் போல அவசரமில்லாமல் கூடத்தைக் கடந்து காற்று வாங்கியின் சல்லடைக்குள் நுழைந்தது. சல்லடை அதைப் புகை என்று நினைத்தது. ஐந்து கதவுகளும் அடைத்துக்கொண்டன. அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

அந்தச் சங்கு நான்கு மணி நேரம் ஊதியது.

பள்ளத்தில் எப்போதுமே சத்தம்தான். இருநூறு அடிக்குக் கீழே பனியைக் குடையும் எந்திரங்கள் ஒரு நொடியும் நிற்பதில்லை. அதனால் எல்லோருக்கும் தலையில் செவிமூடி உண்டு. செவிமூடி சத்தத்தை அடைத்துப் பேச்சை மட்டும் வானலையில் கொண்டுவந்து கொடுக்கும். கொடுக்கும்போதே ஒரு நகலை விளிம்பு மேட்டில் எல்லாப் பேச்சையும் சேர்த்துவைக்கும் ஒலிக்கிடங்குக்கும் அனுப்பிவிடும். இப்போது செவிமூடிக்குள்ளும் சங்கு. வெளியிலும் சங்கு. கிடங்குக்கும் சங்குதான் போயிருக்க வேண்டும். மாசிலாமணி மேடையில் நின்று, "யாரும் பயப்பட வேண்டாம், கதவு பத்து நிமிஷத்தில் திறந்துவிடும்" என்று கத்தினார். தம் குரல் தமக்கே கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான், பத்து நிமிஷம் என்பது அவர் கற்பனை.

அப்போதுதான் கூடம் அசைந்தது. முந்நூறு பேரும் ஏதோ ஒத்திகை பார்த்தவர்கள் மாதிரி செவிமூடிகளைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டிரண்டு பேராக நெற்றியோடு நெற்றி வைத்தார்கள். எலும்பு வழியே குரல் போகும். எந்தச் சங்காலும் அதைத் தடுக்க முடியாது. ஒருவர் சொல்லி முடித்ததும் பிரிந்து அடுத்தவரிடம் போனார்கள். காற்று எத்தனை மணி நேரத்துக்குப் போதும், எந்தக் கதவின் பின்னால் ஆள் இருக்கிறார், யாருக்கு மூச்சுக் கோளாறு என்று செய்தி கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போவதை அவரால் கண்ணால் பார்க்க முடிந்தது. காதுக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

ஆணையர் ஞானசவுந்தரி முதல் வரிசை நாற்காலியிலிருந்து எழுந்தார். மேடும் பள்ளமும் அவர் கையெழுத்தில் நடக்கின்றன. வெளிச்சம் அவருடையது, காற்று அவருடையது. அவர் நேரே பனிவெட்டும் குழுவின் தலைவி யொலாந்தாவிடம் போய், செவிமூடியைக் கழற்றி, தலையைக் குனிந்து நின்றார். யொலாந்தா கொஞ்ச நேரம் அந்த நரைத்த உச்சியைப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியை வைத்தாள்.

நெற்றி வைப்பதைத் தடை செய்து ஆறு ஆண்டுகளுக்கு முன் வந்த சுற்றறிக்கையில் ஞானசவுந்தரியின் கையெழுத்து இருந்தது. வாசகம் மாசிலாமணியுடையது. "தோல் நோய்களைப் பரப்பக்கூடியதாகையால்" என்று அது தொடங்கும்.

மாசிலாமணியின் மகள் நிறைமதி கூடத்தின் நடுவில் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு குடைவுக்காரியின் நெற்றியில் நெற்றி வைத்திருந்தாள். பிறகு இன்னொருவர். அதன்பின் மேட்டுப் பிள்ளைகளே இருவர், அலுவலர் வீட்டுப் பிள்ளைகள், ஒருவருக்கொருவர். யாருக்கும் கூச்சமில்லை. மூக்கு இடிக்காமல் தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இது இன்று நேற்றுப் பழகியதில்லை.

மேடையில் மாசிலாமணி பானையோடு தனியாக நின்றார். நான்கு மணி நேரத்தில் அவரிடம் யாரும் வரவில்லை. பால் தீய்ந்திருந்தது.

*

மேடு என்பது பள்ளத்தின் விளிம்பு. அங்கே சூரியன் ஏறக்குறைய மறைவதே இல்லை. பள்ளத்தின் அடியில் அது உதித்ததே இல்லை. வெளிச்சம் மேட்டில், பனி பள்ளத்தில். அதனால் ஆட்சி மேட்டில், வேலை பள்ளத்தில். தென்கடல் கூட்டமைப்பு இந்த இடத்தை எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பே பல தேசங்களிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்த பள்ளத்தார் இரண்டு தலைமுறையாகக் கூட்டமைப்பின் பள்ளிகளில்தான் படித்தார்கள். அவர்கள் அலுவலர்களிடம் பேசும் தமிழில் ஒரு பிழை இருக்காது. மாசிலாமணிக்குப் பிடிக்காததே அதுதான். பிழையில்லாமல் பேசுகிறவர்கள் விண்ணப்பம் எழுதுகிறார்கள், பேசுவதில்லை.

அவர் அவர்களுக்குத் தராதது கிடையாது. நான்கு விழாக்கள், இரண்டு நடனங்கள், காலை வணக்கம் சொல்ல ஒரு முறை, குழந்தைக்குப் பெயர் வைக்க ஒரு பட்டியல். எல்லாவற்றையும் "ஆகட்டும் ஐயா" என்று வாங்கிக்கொண்டார்கள். பச்சை விளக்கு அணைந்ததும் கழற்றி வைத்தார்கள். உத்தரவு போட்டு அனுப்பிய எதுவும் பள்ளத்தில் இறங்கவில்லை. உத்தரவு போட மறந்துபோன எலுமிச்சை ஊறுகாய் மட்டும் யார் கையில் எப்படிப் போனதோ, இப்போது பள்ளத்தில் அதில்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. துறையின் சாதனை என்று அதை அறிக்கையில் சேர்க்கலாமா என்று ஒருமுறை கேட்டார். ஊறுகாய் வேளாண்மைத் துறையின் கீழ் வருகிறது என்று பதில் வந்தது.

நெற்றி வைத்தல் எதிர்த்திசையில் ஏறியது. ஒரு காலத்தில் குடைவு சரிந்து வானலை செத்தபோது, மாட்டிக்கொண்டவர்கள் தலைக்கவசத்தோடு தலைக்கவசம் ஒட்டிப் பேசித்தான் பிழைத்தார்களாம். அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. வானலையில் பேசுவது மரியாதைக்கு. நெற்றியில் பேசுவது உண்மைக்கு. மூன்றே விதிகள். செவிமூடியைக் கழற்ற வேண்டும். கேட்பவர் தலை குனிந்து காத்திருக்கலாம், நெற்றியை வைப்பது சொல்பவரின் இஷ்டம். ஒரு நெற்றிக்கு ஒரு கேள்வி.

சுற்றறிக்கை வந்த பிறகும் அது நிற்காததால், அதே மாசிலாமணியின் பரிந்துரைப்படி பள்ளத்துக்கு ஒரு மாதம் வெளிச்சம் குறைக்கப்பட்டது. இருட்டில் முகம் பார்த்துப் பேச முடியாதவர்கள் முன்னைவிட அதிகமாக நெற்றி வைத்துக்கொண்டார்கள். இதை அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

விபத்துக்கு மறுநாள் ஞானசவுந்தரி கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க மாசிலாமணி. பால் எத்தனை லிட்டர்?"

"பதினெட்டும்மா. ஆனா நாலு லிட்டர்தான் சல்லடைக்குள்ள போச்சு. மிச்சம் என் மேலதான்."

ஆணையர் சிரிக்கவில்லை. "வர்ற கப்பல்ல நீங்க ஊருக்குப் போறீங்க. பதினோரு நாள் இருக்கு. இது தண்டனை இல்ல. அறிக்கையில பணி நிறைவுன்னுதான் எழுதியிருக்கேன்."

"எனக்குப் பதிலா யாரும்மா?"

"யாருமில்ல. துறையையே மூடறோம்."

மாசிலாமணி தம் விரல்களை முகர்ந்து பார்த்தார். இன்னும் பால் வாடை இருந்தது. "ஒண்ணு கேக்கலாமா? நேத்து யொலாந்தா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

ஞானசவுந்தரி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "அது இந்த அறையில வராது."

"சுற்றறிக்கையை ரத்து பண்ணிடலாமேம்மா. நானே எழுதித் தரேன்."

"இருந்துட்டுப் போகட்டும். சுற்றறிக்கையும் இருக்கும், நெத்தியும் இருக்கும்." ஒரு தாளைத் தள்ளினார். "உங்க பொண்ணுக்குப் பத்தொம்பது முடிஞ்சுது. அவங்க சம்மதம் தனியா வேணும். கப்பலுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துடணும். வரலைன்னா அவங்களை இந்த ஊர்க்காரங்களாப் பதிஞ்சுடுவோம். மருத்துவர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. நிலவில் பிறந்தவர்களின் எலும்பு இருபது வயது வரைதான் பூமிக்குப் பழகும். அடுத்த கப்பல் இரண்டு ஆண்டு கழித்து. அதற்குள் நிறைமதியின் எலும்பு முடிவெடுத்துவிடும். இந்தக் கப்பலைத் தவறவிட்டால் அவளால் எப்போதும் பூமியில் நிற்க முடியாது. ஐம்பத்தெட்டு வயது மாசிலாமணியின் இதயத்தையோ பூமிக்குப் போனபின் மறுபடி மேலே அனுப்ப மாட்டார்கள். அந்தத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் ஆம் அல்லது இல்லை.

*

பிறந்தபோது அவளுக்கு நிறைமதி என்று பெயர் வைத்தது அவர்தான். நிலவிலேயே இருப்பவர்களுக்குப் பௌர்ணமி கிடையாது என்பதைப் பெயர்ப் பதிவு அலுவலர்தான் எடுத்துச் சொன்னார். "அதனாலதான் கையோட ஒண்ணு வெச்சுக்கறோம்" என்று மாசிலாமணி சமாளித்தார். மனைவி செண்பகத்துக்குப் படுக்கையில் சிரித்துப் புரையேறியது. அவள் பள்ளத்து மருத்துவமனையில் மருத்துவர். அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். எட்டு ஆண்டுகளுக்கு முன் நிலாத்தூசி அவள் நுரையீரலை அடைத்தபோது சிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போதும் அவர் வேடிக்கைப் பேச்சை நிறுத்தவில்லை. வேறு எதுவும் அவருக்குச் செய்யத் தெரியவில்லை.

நிறைமதி ஒலிக்கிடங்கில் கேட்பாளர். வேலை முடிந்து வந்தவள் தட்டின் பக்கத்தில் கிடந்த தாளைப் படித்தாள். கட்டத்தைப் பார்த்தாள். தட்டை அதன்மேல் வைத்துச் சாப்பிட்டாள்.

"என்னம்மா சொல்ற?" என்றார்.

"பாக்கலாம்பா."

"பாக்கலாம்னா வரேன்னு அர்த்தமா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்னு அர்த்தம்."

"இது பள்ளத்துப் பதில்."

"நீங்க கத்துக்குடுத்த தமிழ்தான்பா."

மாசிலாமணி ஊறுகாய் ஜாடியை அவள் பக்கம் நகர்த்தினார். "பூமியில இதே ஊறுகாய் தட்டுல விழுந்தா அங்கேயே கிடக்கும். நீ ஒரு தடவை எழுந்து நின்னா பத்து நாள் தூங்குவ. ஆனா கடல் இருக்கு. கடல்னா என்ன தெரியுமா, பள்ளத்தை மொத்தமா உருக்கி..."

"அப்பா." அவள் கையை உயர்த்தினாள். "நான் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பள்ளத்துப் பேச்சைக் கேக்கறேன். மூணு வருஷமா. ஆகட்டும் ஐயா, தங்கள் விருப்பம், நல்லது, வணக்கம். கிடங்கு முழுக்க அதுதான். ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. நடுநடுவுல பேச்சு நின்னுடும். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம், வெறும் இரைச்சல். செவிமூடியைக் கழட்டிட்டாங்கன்னு அர்த்தம். நாங்க அதுக்கு 'வெற்று'ன்னு முத்திரை குத்தி வெச்சுடுவோம்."

"சரி."

"எனக்கு அந்த வெற்றுதான் வேணும்பா. மிச்சமெல்லாம் சும்மா."

அவர் சிரிப்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். தாளில் தட்டின் வட்டம் எண்ணெயாகப் படிந்திருந்தது. கட்டம் காலி.

மறுநாள் அவள் பூமிக்குப் பழக்கும் எலும்புப் பயிற்சிக்குப் போனாள். அவருக்கு உயிர் வந்தது. பயிற்சி மேட்டார் எல்லோருக்கும் கட்டாயம் என்பது மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

*

ஆறாம் நாள் மாசிலாமணி பள்ளத்துக்கு இறங்கினார். ஏற்றியின் கதவு திறந்ததும் இரைச்சல் நெஞ்சில் மோதியது. செவிமூடியை இறுக்கினார். யொலாந்தா பனிக்கட்டிகளை ஏற்றும் தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, குட்டையான உருவம், கைகளில் எந்திர எண்ணெய்.

"வணக்கம் ஐயா. தங்கள் வருகை மகிழ்ச்சி தருகிறது" என்று அவள் குரல் செவிமூடிக்குள் தெளிவாக வந்தது.

"யொலாந்தா, நான் போறேன். தெரிஞ்சிருக்கும். துறையையும் மூடறாங்க. இனிமே நீங்க வேட்டியில ஈயம் தைக்க வேண்டாம்."

"தங்கள் பணிக்கு நாங்கள் என்றும் நன்றியுடையோம்."

"அந்த நன்றியை நான்தான் எழுதிக் குடுத்தேன். மூணாவது பாடம்." அவர் குரலைத் தணித்தார், கிடங்குக்குக் கேட்காதது போல. "ஏழு வருஷம் எல்லாத்தையும் குடுத்துப் பார்த்தேன். கதவைப் பூட்டியும் பார்த்தேன், வெளிச்சத்தைக் குறைச்சும் பார்த்தேன். உங்ககிட்ட ஒண்ணும் ஒட்டல. ஆனா எங்க பிள்ளைங்க பூரா உங்க மாதிரி ஆயிடுச்சு. நீங்க ஒரு விழா நடத்தல, ஒரு சுற்றறிக்கை போடல. எப்படி?"

"அறியேன் ஐயா."

"என் பொண்ணு இங்கேயே தங்கிடுவாளோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"தங்கள் மகள் நற்பண்புகள் நிறைந்தவர்."

பக்கத்தில் பனி வண்டி ஒன்று கடகடவென்று போனது. மாசிலாமணி அங்கும் இங்கும் பார்த்தார். பண்பாட்டு அலுவலர், சுற்றறிக்கை எண் பதினேழின் ஆசிரியர், செவிமூடியைக் கழற்றினார். இரைச்சல் மண்டைக்குள் இறங்கியது. தலையைக் குனிந்து நின்றார். தண்டவாளமும் யொலாந்தாவின் காலணியும் தெரிந்தன. கழுத்து வலித்தது. வேலையாட்கள் நின்று பார்ப்பது தெரிந்தது. காலணி நகரவில்லை.

நெடுநேரம் கழித்து ஒரு விரல் அவர் தோளைத் தட்டியது. நிமிர்ந்தார். யொலாந்தா செவிமூடியைப் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினாள். அவள் முகத்தில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மன்னிக்க வேண்டும் ஐயா" என்றாள் பிழையில்லாத தமிழில். "தங்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான் அல்லேன்." பட்டியலுக்குத் திரும்பியவள், ஏதோ நினைத்தவளாக நின்றாள். "மருத்துவர் அம்மையார் மறைந்த நாளின் பதிவைத் தாங்கள் கேட்டதுண்டா?"

*

கேட்டதில்லை. யார் கேட்பார்கள்?

ஒலிக்கிடங்கு மேட்டின் அமைதியான மூலையில் இருந்தது. நிறைமதியின் வேலை நேரம் முடிந்த பிறகு போனார். அலுவலர் அனுமதி இன்னும் ஐந்து நாள் செல்லும். தேதியைச் சொன்னார். பள்ளத்து மருத்துவமனை, எட்டு ஆண்டுகளுக்கு முன். அன்று செண்பகத்தைப் பார்க்கப் பள்ளத்தார் வாசலில் வரிசையாக நின்றது ஞாபகம் வந்தது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, குனிந்து, சாகப்போகிறவளின் நெற்றியில் நெற்றி வைத்துவிட்டுப் போனார்கள். என் மனைவியிடம் இவர்களுக்கு என்ன ரகசியம் என்று அவர் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றறிக்கையின் தோல் நோய் அங்கேதான் பிறந்தது.

முதலில் அவருடைய குரலே வந்தது. எட்டு ஆண்டு இளைய குரல், தேவைக்கு மேல் உற்சாகமாக.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லடா. தூசி தட்டப் போட்டிருக்காங்க. பழைய புத்தகத்தைத் தட்டுவோமில்ல, அது மாதிரி. தட்டி முடிச்சதும் கப்பல்ல மூணு பேரும் ஊருக்குப் போயிடலாம்."

"சரிப்பா." பதினொரு வயதுக் குரல்.

கதவுச் சத்தம். அவர் வெளியே போயிருக்க வேண்டும். இரைச்சல். பிறகு யொலாந்தா, வேறு மாதிரித் தமிழில், விண்ணப்பமில்லாத தமிழில்: "கண்ணு, இங்க வா. ஏன் அழுவுற? அதைக் கழட்டு. தலையிலிருந்து கழட்டு."

அவ்வளவுதான். அதன்பின் வெற்று. திரையில் முத்திரை தெரிந்தது: நான்கு நிமிடம் பத்து நொடி, உள்ளடக்கம் இல்லை. மாசிலாமணி அந்த நான்கு நிமிடத்தையும் கேட்டார். எந்திரங்கள் தொலைவில் குடைந்துகொண்டிருந்தன. ஒரு தடவை மிக மெல்லியதாக ஒரு விசும்பல் கேட்டது போலிருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். எந்திரமாகவும் இருக்கலாம்.

பிறகு செவிமூடி திரும்பத் தலையில் ஏறும் சத்தம். கதவு. அவருடைய காலடி.

"அப்பா," என்றது சின்னக் குரல். நிதானமாக, கணக்குப் பரீட்சையில் விடை தெரிந்தவள் கேட்பது போல. "அம்மா எப்பப்பா சரியாவாங்க?"

"கப்பல் வர்றதுக்குள்ள ஓட ஆரம்பிச்சுடுவா பாரு. நாமதான் பின்னாடி மூச்சு வாங்கிட்டு ஓடணும்."

ஒரு இடைவெளி. மூன்று நொடி இருக்கலாம். அதற்கு முத்திரை இல்லை. செவிமூடி தலையில்தான் இருந்தது.

"சரிப்பா," என்றாள் நிறைமதி.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அவரிடம் கேட்டது விடைக்காக இல்லை. அவர் சொல்வாரா என்று பார்த்திருக்கிறாள். அந்த மூன்று நொடி அவருக்காகக் காத்திருந்திருக்கிறாள். பிறகு எட்டு ஆண்டு, ஊறுகாயும் கடலும் பௌர்ணமியுமாக அவர் பேசிக்கொண்டே இருக்க, அவள் சரிப்பா, பாக்கலாம்பா என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். யொலாந்தா அவரிடம் பேசுவதைப் போல. அதிகாரிகளிடம் எல்லோரும் பேசுவதைப் போல.

அவர் திரையை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். எல்லாச் சொல்லும் இருந்தது இந்தக் கிடங்கில். வெளிச்சம், காற்று, கதவு, பள்ளிக்கூடம் எல்லாம் இந்த மேட்டின் கையில் இருந்தது. ஒரு குழந்தைக்குத் தாய் சாகிறாள் என்று சொல்ல மட்டும் ஆளில்லாமல் போயிற்று. அந்த வேலையைச் செய்தவர்களிடம் குழந்தை போய்விட்டது. இதற்கு விழாவா நடத்துவார்கள்?

*

கடைசி நாள். தாள் அன்று மாலைக்குள் ஆணையரிடம் போக வேண்டும். நிறைமதி வேலைக்குப் போகவில்லை, பள்ளத்துக்கு இறங்கியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாசிலாமணி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏற்றியில் இறங்கினார்.

அவள் தண்டவாளத்தருகே குடைவுக்காரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து தனியாக வந்தாள். கையில் ஊறுகாய் அப்பியிருந்தது.

"என்னப்பா, இவ்ளோ தூரம்?" என்றது செவிமூடிக்குள் அவள் குரல்.

"சும்மா. என் துறையோட ஒரே வெற்றியைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." ஊறுகாயைக் காட்டினார்.

"அப்பா. சிரிப்புக் காட்டாதீங்க."

"சரி." அவர் கையை இறக்கினார். "அந்த நாலு நிமிஷம் பத்து நொடியைக் கேட்டேன்மா."

நிறைமதியின் முகம் மாறியது. எந்தப் பதிவு என்று அவள் கேட்கவில்லை.

"நானும் கேட்டிருக்கேன்பா," என்றாள். "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்."

அவர் செவிமூடியைக் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொண்டார். மாட்டத் தெரியவில்லை; இரண்டு தடவை நழுவியது. பிறகு தலையைக் குனிந்தார். பள்ளம் முழுக்க அவர் காதுக்குள் குடைந்தது. கேட்க வேண்டியவை வரிசையில் நின்றன. அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் நீ என்னோடு வந்திருப்பாயா? என்னை மன்னித்துவிட்டாயா? அம்மா கடைசியில் அவர்களிடம் என்ன சொன்னாள்? ஒரு நெற்றிக்கு ஒரு கேள்விதான். வைப்பாளா என்பதே தெரியாது.

அவள் காலணிகள் அசையாமல் இருந்தன. மூன்று நொடி. இந்த முறை காத்திருப்பது அவருடைய முறை.

அப்புறம் காலணிகள் ஓர் அடி முன்னால் வந்தன. சில்லென்று ஒரு நெற்றி அவர் நெற்றியில் பட்டது. மூக்கு இடித்தது, அவருக்குத் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியவில்லை. அவள் அவர் பிடரியில் கை வைத்து மெதுவாகத் திருப்பினாள். எலுமிச்சை வாசனை அடித்தது. இரைச்சல் அடங்கவில்லை, ஆனால் அதற்குள் ஓர் இடம் கிடைத்தது போலிருந்தது.

"வரியாம்மா?" என்றார்.

காதில் இல்லை, எலும்பில் கேட்டது அவள் குரல், பிசிறில்லாமல், மரியாதையில்லாமல்.

"வரலப்பா. நீங்க போறதும் எனக்குப் பிடிக்கல."